பரதேசி வாங்கிய நிலம்

ஆபிரகாம் காசு கொடுத்து வாங்கியதாக ஆதியாகமம் சொல்லும் நிலம் ஒன்றே ஒன்று. எபிரோனில் ஒரு வயல், அதன் ஓரத்தில் ஒரு குகை. இறந்துபோன மனைவியை அடக்கம் செய்வதற்காக அதை வாங்கினார். அப்போது அவருக்கு வயது 137. இந்தத் தேசத்தையே உன் சந்ததிக்குத் தருகிறேன் என்று கடவுள் சொன்ன வாக்கை நம்பி, 62 வருடம் கூடாரத்தில் காலம் தள்ளியிருந்தார். கடைசியில் ஒரு கல்லறைக்காக உள்ளூர்க்காரர்கள் முன்னால் எழுந்து நின்று, குனிந்து வணங்கிக் கேட்க வேண்டியிருந்தது.

ஆபிரகாமைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாகத் தொடங்குவது அவருக்கு அழைப்பு வந்த இடத்திலிருந்து. நான் கல்லறையில் தொடங்கக் காரணம் நீலகிரிதான். இங்கே தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளில் முப்பது நாற்பது வருடம் இருந்தவர்களுக்கு, ‘சொந்தமா ஒரு துண்டு நிலம் இல்லை’ என்பது கதையில் வரும் வரி இல்லை. தோட்டத் தொழிலாளர்களுக்கு நிர்வாகம் வீடு தர வேண்டும் என்றது 1951-ம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம். ஆனால் வீடு வேலையோடு கட்டிப்போட்டது. ஓய்வு பெற்றபின் பிள்ளையோ மருமகளோ அதே தோட்டத்தில் பேர் போட்டு வேலை செய்தால் தொடர்ந்து இருக்கலாம். இல்லையென்றால் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டியதுதான். இப்படிப்பட்டவர்கள் நடுவில் ஆபிரகாமின் கதை வேறு மாதிரி கேட்கும்.

முதலில் ஆளைப் பார்த்துவிடுவோம்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஆபிராம். அப்பா தேராகு. பிறந்த இடம், தமிழ் பைபிளின்படி, ‘ஊர்’. ஞாயிறு பள்ளியில் முதன்முதலாகக் கேட்கும் பிள்ளைகளில் பாதிப்பேர் இங்கே குழம்பிப்போவார்கள்: எந்த ஊர் என்று கேட்டால் ‘ஊர்’ என்கிறார்களே! உண்மையிலேயே அந்தப் பட்டணத்தின் பெயர் அதுதான். இன்றைய தெற்கு ஈராக்கில் இருக்கிறது என்று பெரும்பாலோர் கொள்கிறார்கள். லியோனார்ட் வூல்லி 1922 முதல் 1934 வரை அங்கே அகழ்ந்து அரச கல்லறைகளையும் பொன் நகைகளையும் எடுத்தார். தற்செயலான ஒலி ஒற்றுமைதான், ஆனால் தமிழில் மட்டும் கிடைக்கிற சுகம் அது. ஆபிராம் குடும்பம் ஊரை விட்டது, ஊரையும் விட்டது.

கிளம்பியது மகன் அல்ல, அப்பா. இதைப் பலர் கவனிப்பதில்லை. தேராகுதான் மகன் ஆபிராமையும் மருமகள் சாராயையும் பேரன் லோத்துவையும் கூட்டிக்கொண்டு கானான் தேசம் போகப் புறப்பட்டார். வழியில் ஆரான் என்ற இடத்தில் தங்கினார்கள். தங்கியது தங்கியதுதான், அப்பா அங்கேயே இறந்துபோனார். மகன் 75 வயதில், உன் தேசத்தையும் இனத்தையும் தகப்பன் வீட்டையும் விட்டு நான் காட்டும் தேசத்துக்குப் போ என்ற கட்டளையைக் கேட்டுப் பாதியில் நின்ற பயணத்தைத் தொடர்ந்தார். ஆக, இது இரண்டு தலைமுறை நடந்த நடை.

கூடலூர், பந்தலூர், சேரம்பாடி, கோத்தகிரிப் பக்கம் இருக்கும் குடும்பங்களுக்கு இரண்டு தலைமுறை நடை என்றால் விளக்கவே வேண்டாம். தாத்தாவோ பூட்டனோ தமிழ்நாட்டுக் கிராமத்திலிருந்து சிலோன் காப்பித் தோட்டத்துக்கும் பிறகு தேயிலைத் தோட்டத்துக்கும் போனவர். 1948-ல் வந்த குடியுரிமைச் சட்டம் அங்கே பிறந்த பேரப்பிள்ளைகளை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால்பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியா வர வேண்டும், 3,00,000 பேர் அங்கே இருக்கலாம் என்று ஆட்களைப் பங்கு போட்டது. மீதியிருந்த ஒன்றரை லட்சம் பேரை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை கொடுக்கத்தான் வனத்துறை 1968-ல் அரசுத் தேயிலைத் திட்டத்தைத் தொடங்கியது. பின்னால் அது ‘டான்டீ’ ஆனது. அரசுக் காகிதத்தில் அவர்கள் ‘தாயகம் திரும்பியோர்’, பேச்சில் சிலோன்காரங்க.

ஆபிரகாம் தன்னை என்னவென்று சொல்லிக்கொண்டார்? எபிரெயத்தில் ‘கேர்’ என்று ஒரு சொல். ஒரு நாட்டில் குடியிருப்பான், ஆனால் அங்கே நிலமும் கிடையாது, சொந்தக்காரரும் கிடையாது. உள்ளூர்க்காரர் தயவில் இருப்பான். தமிழ் பைபிள் இதற்குப் ‘பரதேசி’ என்ற சொல்லை எடுத்தது. வேறு தேசத்துக்காரன் என்று நேர்ப்பொருள். தெருவில் அது வசைச்சொல்லாகிவிட்டது, அதனால் வாசிக்கும்போது பிரசங்கியார் சற்றுத் தொண்டையைக் கனைத்துக்கொள்கிறார். கனைக்காமலே வாசிக்கலாம். அந்தச் சொல்லின் சூடு தெரிந்தால்தான் அந்தக் கிழவர் எந்த நிலையில் நின்று பேசினார் என்று புரியும்.

கூடார வாழ்க்கை என்றதும் ஏழ்மை என்று நினைத்துவிடக் கூடாது. ஆபிரகாம் ஆடு, மாடு, ஒட்டகம், வெள்ளி, பொன், வேலையாட்கள் உள்ள பெரிய மேய்ச்சல்காரர். லோத்துவைப் பகைவர்கள் சிறைபிடித்தபோது தன் வீட்டில் பிறந்து பயிற்சி பெற்ற 318 ஆட்களோடு போய் மீட்டு வந்தார் என்றால் அது சின்னக் கூட்டம் இல்லை. செல்வம் முழுவதும் நாலு காலில் நடந்துகொண்டிருந்தது. புல்லும் தண்ணீரும் எங்கேயோ அங்கே போவார். சீகேம், பெத்தேல், எபிரோன், பெயெர்செபா என்று நகர்ந்துகொண்டே இருப்பார். போன இடத்தில் கல்லை அடுக்கிப் பலிபீடம் கட்டுவார், கிணறு வெட்டுவார்.

இதை நீலகிரியில் இருந்துகொண்டு படிக்கிறவர்களுக்குத் தோடர்கள் ஞாபகத்துக்கு வராமல் இருக்காது. எருமைதான் அவர்களுக்குச் செல்வம், வழிபாடு, நாள்காட்டி எல்லாம். பால்மனையே கோயில், பால் கறப்பவரே பூசாரி. கோடையில் புல் தீர்ந்தால் மந்தையை ஓட்டிக்கொண்டு குந்தாப் பக்கத்து மேய்ச்சலுக்குப் போய்வருவார்கள். படகர் தானியம் கொடுப்பார், கோத்தர் பானையும் இரும்புச் சாமானும் கொடுப்பார், தோடர் நெய் கொடுப்பார் என்று ஒரு பரிமாற்ற ஏற்பாடு நெடுங்காலம் நடந்தது. ஏத்தியர் நடுவிலும் பெலிஸ்தர் நடுவிலும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு மந்தை மேய்த்த ஆபிரகாமின் உலகம் ஏறக்குறைய இப்படித்தான் இருந்திருக்கும்.

வெள்ளைக்காரர்களுக்கும் இது தோன்றியது, கொஞ்சம் அதிகமாகவே. 1603-ல் இத்தாலிய இயேசு சபைப் பாதிரியார் ஃபெனிசியோ மலையாளக் கரையிலிருந்து மலையேறி வந்தது, இங்கே காணாமல்போன தோமா கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள் என்று காதில் விழுந்ததால். வந்து பார்த்தால் தோடர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏறியவர்கள் தாடியையும் மூக்கையும் போர்த்தியிருந்த புத்துக்குளியையும் பார்த்து, இவர்கள் இஸ்ரவேலின் தொலைந்துபோன கோத்திரமாக இருக்கலாம் என்றார்கள். தொலைந்த கோத்திரத்தைத் தேடுவது அந்தக் காலத்துத் துரைமாருக்கு ஒரு பொழுதுபோக்கு. தோடர் மொழி திராவிட மொழி என்பதும், அவர்கள் இந்த மலைக்கே உரியவர்கள் என்பதும் பின்னால் தெளிவானது. ஆனால் அவர்கள் பார்க்காமல் விட்டது வேறொன்று இருக்கிறது.

ஆபிராமின் மேய்ப்பருக்கும் லோத்துவின் மேய்ப்பருக்கும் சண்டை வந்தது. இரண்டு மந்தையைத் தாங்க அந்தப் பூமிக்குச் சக்தி இல்லை. பெரியவரான ஆபிராம் சகோதரன் மகனிடம், நீ இடதுபுறம் போனால் நான் வலதுபுறம் போகிறேன், நீயே முதலில் எடுத்துக்கொள் என்றார். லோத்து நீர்வளமுள்ள யோர்தான் சமவெளியைப் பார்த்துச் சோதோம் பக்கம் போனான். நீலகிரியில் தோடர்களிடம் யாரும் அப்படிக் கேட்கவில்லை. சோலையும் புல்வெளியும் மாறிமாறி இருந்த மேட்டில் சீகை, யூக்கலிப்டஸ், தேயிலை, உருளைக்கிழங்கு எல்லாம் ஏறின. புல்வெளி சுருங்கியது, எருமையும் குறைந்தது. ஆபிரகாமின் பெருந்தன்மையை விளக்க இதைவிடப் பொருத்தமான எதிர்ச்சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

இனி, அவரை ஏன் ‘விசுவாசிகளின் தகப்பன்’ என்கிறார்கள் என்ற கேள்வி.

குறை இல்லாதவர் என்பதால் இல்லை. பஞ்சத்தில் எகிப்துக்குப் போனபோது, அழகான மனைவிக்காகத் தன்னைக் கொன்றுவிடுவார்களோ என்று பயந்து, என் தங்கை என்று சொல்லச் சொன்னார். சாராயைப் பார்வோன் அரண்மனைக்குக் கொண்டுபோனார்கள். இவருக்கு ஆடுமாடு கிடைத்தது. பிற்காலத்தில் அபிமெலேக்கு என்ற ராஜாவிடமும் அதே பொய். பைபிள் இதை மூடி மறைக்கவில்லை. நானும் நியாயம் கண்டுபிடிக்கப் போவதில்லை.

அவருடைய பெருமை ஓர் இரவில் இருக்கிறது. பிள்ளை இல்லை, வயதாகிவிட்டது, சொத்து எல்லாம் வீட்டு வேலைக்காரனுக்குத்தான் போகும்போல இருக்கிறது என்று கடவுளிடமே குறைப்பட்டுக்கொள்கிறார். கடவுள் அவரைக் கூடாரத்துக்கு வெளியே கூட்டி வந்து வானத்தைக் காட்டி, முடிந்தால் நட்சத்திரங்களை எண்ணு, உன் சந்ததி அப்படி இருக்கும் என்கிறார். கையில் ஆதாரம் ஒன்றும் இல்லை. ஆபிராம் நம்பினார், அது அவருக்கு நீதியாக எண்ணப்பட்டது என்று ஆதியாகமம் 15-ம் அதிகாரம் குறிக்கிறது. ‘நம்பினார்’ என்பதற்கான எபிரெய வேர், ‘ஆமென்’ என்ற சொல் பிறந்த அதே வேர். உறுதியாக நிற்பது, சாய்ந்துகொள்ளத் தாங்குவது என்ற பொருள் அதில் உண்டு. கத்தோலிக்கர் ‘நம்பிக்கை’ என்றும் சீர்திருத்தச் சபையார் ‘விசுவாசம்’ என்றும் சொல்வதில், ‘விசுவாசம்’ எனக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும். தமிழில் அது விட்டுப்போகாமல் கூடவே கிடப்பதையும் சொல்கிறது. நாய்க்குக்கூட அந்தச் சொல்லைத்தானே வைத்திருக்கிறோம்.

பவுல் ரோமருக்கு எழுதிய கடிதத்தில் பிடித்துக்கொண்டது இந்த இரவைத்தான். விருத்தசேதனம் 17-ம் அதிகாரத்தில், 99 வயதில் வருகிறது. நம்பியது 15-ம் அதிகாரத்தில். ஆகவே அடையாளச் சடங்குக்கு முன்பே அவர் கடவுளுக்கு ஏற்றவர், யூதரல்லாதவருக்கும் அவர் தகப்பன் என்று பவுல் வழக்காடுகிறார். யாக்கோபின் நிருபமோ, மகனைப் பலிபீடத்தில் கிடத்திய செயலைக் காட்டி, செய்யாத விசுவாசம் செத்த விசுவாசம் என்கிறது. ஒரே ஆளை வைத்து இரண்டு வாதம். இரண்டும் அவருடைய கதையில் இருக்கின்றன.

ஆபிரகாம் என்ற பெயர் இந்த மலையில் வெறும் பெயராக இருக்கவில்லை. கேத்திப் பள்ளத்தாக்கில் பாசல் மிஷன் 1846-ல் வேலை தொடங்கியது. படகர்கள் மரியாதையாக உட்காரவைத்துக் கேட்பார்கள், ஆனால் மதம் மாற மாட்டார்கள். 12 வருடம் கழித்து, 1858-ல், ஞானஸ்நானம் எடுத்த முதல் படகருக்கு ஆபிரகாம் என்று பெயர் வைத்தார்கள் என்கிறது மிஷன் வரலாறு. ஹட்டியில், அதாவது படகர் ஊரில், பிறந்த ஒருவருக்கு உறவும் முன்னோர் சடங்கும் ஹட்டியோடு பின்னிக் கிடக்கும். இனத்தையும் தகப்பன் வீட்டையும் விட்டு வா என்ற கட்டளை அங்கே எவ்வளவு கனக்கும் என்று பெயர் வைத்தவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆகாரிடம் வருவோம். ஆபிரகாமைப் பற்றிய விளக்கங்களில் இவள் நாலு வரியில் முடிந்துபோவாள். அது சரியில்லை.

வாக்கு வந்து பத்து வருடமாகியும் பிள்ளை இல்லை. சாராய் தன் எகிப்திய அடிமைப்பெண் ஆகாரைக் கணவனுக்குக் கொடுத்தாள். அவளிடம் யாரும் சம்மதம் கேட்டதாகக் கதையில் இல்லை. கர்ப்பமானதும் வீட்டில் பூசல். ஆபிராம், உன் அடிமை உன் கையில் என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டார். கொடுமை தாங்காமல் ஆகார் வனாந்தரத்துக்கு ஓடினாள். அங்கே ஒரு நீரூற்றருகே தேவதூதன் அவளைக் கண்டு, எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்று கேட்டான். அந்த இடத்தில் அவள் கடவுளுக்கு ஒரு பெயர் வைத்தாள்: என்னைக் காண்கிறவர். பைபிளில் கடவுளுக்குப் பெயர் சூட்டிய முதல் ஆள் ஓர் அடிமைப்பெண். ஆபிராமுக்கு 86 வயதானபோது இஸ்மவேல் பிறந்தான்.

பின்னால், ஆபிரகாமின் 100-வது வயதில், சாராளுக்கு (சாராய்க்கு அப்போதைய பெயர்) ஈசாக்கு பிறந்தான். இந்த வயதிலா என்று அவள் சிரித்ததால் பெயரே ‘சிரிப்பு’. அந்தச் சிரிப்புக்கு இடம் பண்ண ஆகாரும் மகனும் வெளியேற்றப்பட்டார்கள்: கொஞ்சம் அப்பம், ஒரு துருத்தித் தண்ணீர், அவ்வளவுதான் கொடுத்தனுப்பினது. அத்தனை மந்தை வைத்திருந்தவர்! தண்ணீர் தீர்ந்து, பிள்ளை சாவதைப் பார்க்கக் கூடாதென்று அவள் எட்டப் போய் உட்கார்ந்து அழுதபோது, பக்கத்திலேயே ஒரு கிணறு கண்ணில் பட்டது. முஸ்லிம் மரபில் ஹாஜர் சஃபா, மர்வா குன்றுகளுக்கிடையே தண்ணீர் தேடி ஓடிய ஓட்டமும் ஸம்ஸம் ஊற்றும் இந்த நினைவோடு சேர்ந்தவை. ஹஜ்ஜுக்குப் போகிற ஒவ்வொருவரும் அந்தத் தாயின் ஓட்டத்தை ஏழு முறை நடந்து முடிக்கிறார்கள்.

தோட்டத்தில் வேலை செய்கிறவர்களை ஆபிரகாமோடு ஒப்பிடுவதில் எனக்குள்ள தயக்கமும் இதுதான். ஆபிரகாம் கடவுள் கூப்பிட்டுக் கிளம்பினார், சொத்தோடு கிளம்பினார். கப்பலில் வந்தவர்களை இரண்டு பிரதமர்கள் எண்ணிக் கொடுத்தார்கள். கையில் சின்ன மூட்டையோடு, எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்ற கேள்விக்கு முதல் பாதிக்கு மட்டுமே பதில் வைத்திருந்தவள் ஆகார்தான். மலையேறி வந்த பல பாட்டிமார்களுக்கு அவளே அருகில் நிற்பவள்.

மோரியா மலை. இந்தக் கதை எல்லாருக்கும் தெரியும், யாருக்கும் முழுதாகச் செரிக்காது. உன் ஒரே மகன் ஈசாக்கைப் பலியிடு என்றார் கடவுள். மூன்று நாள் நடை. விறகு மகன் தோளில், நெருப்பும் கத்தியும் அப்பா கையில். பலிக்கு ஆட்டுக்குட்டி எங்கே அப்பா என்று பையன் கேட்கிறான். கத்தியை ஓங்கிய கை தடுக்கப்படுகிறது. புதரில் கொம்பு சிக்கிய ஓர் ஆட்டுக்கடா பலியாகிறது. யூதர்கள் இதைப் ‘பிணைத்தல்’ என்பார்கள். கிறிஸ்தவர்கள் விறகு சுமந்த மகனில் சிலுவை சுமந்த இயேசுவைப் பார்ப்பார்கள். குர்ஆன் மகனின் பெயரைச் சொல்லவில்லை. இஸ்மாயீல் என்பதே முஸ்லிம்களின் பரவலான நம்பிக்கை. ஊட்டியிலும் கூடலூரிலும் பக்ரீத் அன்று பங்கு போட்டு அக்கம்பக்கத்துக்கு வரும் கறி இந்த ஆட்டுக்கடாவின் நினைவு.

அழியவிருந்த சோதோமுக்காகக் கடவுளோடு 50 நல்லவரில் தொடங்கிப் 10 பேர் வரை பேரம் பேசிய மனிதர், தன் மகனுக்காக ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பது என்னை எப்போதும் உறுத்தும். இது கீழ்ப்படிதலின் உச்சம் என்பார்கள். பிள்ளைப்பலியை வேண்டாமென்று நிறுத்தியதுதான் கதையின் மையம் என்றும் சிலர் சொல்வார்கள். எனக்கு இரண்டாவது விளக்கமே ஏற்புடையது. ஆனாலும் அந்த மூன்று நாள் மௌனம் அதனால் தீர்ந்துவிடவில்லை.

இதெல்லாம் நடந்ததா? பைபிளுக்கு வெளியே ஆபிரகாமைப் பற்றி அவர் காலத்துச் சான்று எதுவும் கிடைத்ததில்லை. மரபாக கி.மு. 2000-ஐ ஒட்டிய காலம் என்பார்கள். ஆனால் ‘ஊர்’ பட்டணத்தைப் பைபிள் கல்தேயருடையது என்கிறது; கல்தேயர் என்ற பெயர் வழக்குக்கு வருவது அதற்கு வெகு பின்னால். கதை பல தலைமுறை வாயில் இருந்து பிறகு எழுத்தானது என்று ஆய்வாளர்கள் சொல்வதில் வியப்பில்லை. தகப்பனின் சிலைக்கடையை உடைத்த கதையைப் பைபிளில் தேடினால் கிடைக்காது. அது யூதரின் பிற்கால மரபு. சிலைகளை உடைத்த இப்ராஹீம் குர்ஆனில் வருகிறார்.

இப்போது அந்த நிலத்துக்கு. சாராள் 127 வயதில் இறந்தாள். ஆபிரகாம் பிணத்தருகிலிருந்து எழுந்து, பட்டணத்து வாசலில் கூடியிருந்த ஏத்தின் புத்திரரிடம் போனார். எப்பெரோன் என்பவரின் மக்பேலா குகை வேண்டும், முழு விலை தருகிறேன் என்றார். எப்பெரோன் சும்மாவே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார், ஊரே கேட்க. ஆபிரகாம் திரும்பவும் வணங்கி, விலை சொல்லுங்கள் என்றார். 400 சேக்கல், நமக்குள் அது என்ன பெரிய காசா என்றார் எப்பெரோன். சந்தையில் மாடு வாங்கியவர்களுக்கு இந்தப் பேச்சு நன்றாகவே புரியும். சுமார் நாலரைக் கிலோ வெள்ளி. நூற்றாண்டுகள் கழித்து எரேமியா தீர்க்கதரிசி ஒரு நிலத்தை 17 சேக்கலுக்கு வாங்கினார். காலமும் நிலமும் வேறுதான், ஆனாலும் வித்தியாசம் கண்ணை உறுத்துகிறது.

ஆபிரகாம் பேரம் பேசவில்லை. எல்லார் முன்னிலையிலும் எடைபோட்டுக் கொடுத்தார். தானமாக வாங்கினால் நாளைக்குத் திருப்பிக் கேட்பார்கள் என்று பரதேசிக்குத் தெரியும். வயல், அதிலுள்ள குகை, நான்கு எல்லைக்குள் நிற்கும் மரங்கள் என்று விவரம் எழுதியிருப்பதைப் பார்த்தால் நம்மூர்ப் பத்திர எழுத்தர் எழுதினாற்போல் இருக்கும். 1969-ல் ஜன்மம் என்ற பழைய நிலவுடைமையை ஒழிக்கும் சட்டம் வந்தும் இன்றுவரை பட்டா கேட்டு அலைகிற கூடலூர்க்காரர்கள் இந்தக் கதை வரும் 23-ம் அதிகாரத்தை நிதானமாகப் படிப்பார்கள்.

175 வயதில் ஆபிரகாமும் அதே குகைக்குப் போனார். புதைத்தது யார் என்று 25-ம் அதிகாரம் பெயர் சொல்கிறது: ஈசாக்கும் இஸ்மவேலும். ஒரு துருத்தித் தண்ணீரோடு துரத்தப்பட்ட மகன் திரும்பி வந்திருக்கிறான். அண்ணனும் தம்பியும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எழுதவில்லை. எபிரோனில் அந்தக் குகைக்குமேல் ஏரோது காலத்துப் பெரிய கட்டடம் இன்றும் நிற்கிறது. உள்ளே ஒரு பக்கம் யூதர்கள், ஒரு பக்கம் முஸ்லிம்கள், இடையில் தடுப்பு. வருடத்தில் பத்து நாள் கட்டடம் முழுவதும் இவர்களுக்கு, வேறு பத்து நாள் முழுவதும் அவர்களுக்கு.